போலோ மைதானத்து வெளிமான்கள்

சர்தார் படேல் சாலையில் காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கிண்டி சிறுவர் பூங்காவின் வாயில். காலை நேரம். மத்திய கைலாஷ் பக்கமிருந்து வரும் வண்டிகளின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழவில்லை. நுழைவுச்சீட்டு வாங்கும் வரிசையில் பள்ளிச் சீருடையோடு ஒரு கூட்டம், பேரனைத் தூக்கிக்கொண்டு ஒரு பாட்டி, தூக்குச்சட்டியும் தண்ணீர் பாட்டிலுமாக இரண்டு குடும்பங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் இந்தக் கூட்டத்துக்குக் குறைவில்லை.

பூங்காவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பறவைக் கூண்டுகளும் ஊஞ்சல்களும், மான் அடைப்பின் கம்பி வலையில் முகம் பதித்து நிற்கும் பிள்ளைகளும் சென்னைக்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமான காட்சி. ராமுலஸ் விட்டேக்கர் முயற்சியால் உருவாகி 1972 முதல் இங்கே இயங்கும் பாம்புப் பண்ணை அடுத்த வாசலில். வருபவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, கிண்டியைப் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள். பின்னால் மதிலுக்கு அப்புறம் 2.7 சதுர கிலோமீட்டருக்கு ஒரு தேசியப் பூங்கா கிடக்கிறது. அதற்குள் போக வனத்துறையின் முன் அனுமதி வேண்டும். நான் வந்தது அதற்குத்தான்.

கூட வந்த வனக்காவலருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். “செருப்பு வேணாம் சார், ஷூ போட்டுக்கிட்டது நல்லதாப் போச்சு. முள்ளு ஜாஸ்தி” என்றார். தடத்தில் இறங்கிச் சிறிது தூரம் போனதும் சாலையின் ஓசை முற்றிலும் மறையவில்லை என்றாலும் தணிந்து பின்னால் போய்விட்டது. செம்போத்து ஒன்று புதருக்குள்ளிருந்து ஊம் ஊம் என்று கூப்பிட்டது. தவிட்டுக் குருவிகள் சருகைக் கிளறிக்கொண்டிருந்தன.

காடு என்றதும் வானுயர்ந்த மரங்களை எதிர்பார்த்து வருபவருக்கு இங்கே ஏமாற்றம்தான். ஆளுயரத்துக்கும் சற்று மேலே தலை நீட்டும் புதர்கள், இடையிடையே பனை, வேம்பு, ஆல், குடை விரித்த வேல மரங்கள். களாவும் காரையும் முள்ளோடு முள் பின்னிக்கொண்டு நிற்கின்றன. எலுமிச்சை இனத்துப் புதர்கள் தரையை மூடியிருக்கின்றன. ஓர் இலையைக் கசக்கினால் விரலில் வாசம் ஒட்டிக்கொள்கிறது. இலைகள் சிறியவை, தடித்தவை, மெழுகு பூசியவை. ஆண்டின் மழையில் பெரும்பகுதியை ஐப்பசி, கார்த்திகையில் வாங்கிக்கொண்டு, மீதி மாதங்களின் வெயிலை இலை உதிர்க்காமலே தாங்குவதற்கு இந்தச் செடிகள் கண்ட வழி அது. உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் சொல்வது இதைத்தான். சோழமண்டலக் கரை நெடுகப் பரவியிருந்த இந்த வகைக் காடு இன்று பெரும்பாலும் கோயில் காடுகளில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது; மரக்காணம் வட்டாரத்துப் புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு அவற்றுள் பெயர்பெற்றது. ஒரு பெருநகரத்தின் நடுவே இது பிழைத்திருப்பதைக் கண்ணால் பார்த்தும் நம்ப முடியவில்லை.

பிழைத்தது முழுவதும் அல்ல. கில்பர்ட் ரோட்ரிக்ஸ் என்பவர் வசமிருந்த இந்த இடத்தை 1821-இல் 35,000 ரூபாய் கொடுத்து அரசாங்கம் வாங்கியது. வெள்ளைக்காரத் துரைகள் வேட்டையாடிய காடு 1910-இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது பரப்பு 505 ஹெக்டேர். இப்போது இருப்பது சுமார் 270. ஐஐடி வந்தது, மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது, தலைவர்களின் நினைவிடங்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றும் நல்ல காரியந்தான். எதையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் காட்டிலிருந்து நிலத்தை வெட்டிக் கொடுக்கும்போது, சும்மா முள்ளுப் புதராகக் கிடக்கிறதே என்ற எண்ணம் கை கொடுத்திருக்கும். அடர்ந்த மரங்களாக நின்றிருந்தால் இவ்வளவு எளிதில் கொடுத்திருக்க மாட்டார்கள். 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகுதான் எஞ்சியதற்கு ஒரு பாதுகாப்பு வந்தது.

தடம் சட்டென்று வெளிச்சத்தில் திறந்தது. எதிரே புல்வெளி. அந்தக் காலத்தில் துரைகள் குதிரையேறிப் பந்தடித்த இடம். பெயர் இன்னும் போலோ மைதானம். காவலர் கையைத் தாழ்த்தி என்னை நிறுத்தினார். “அப்படியே நில்லுங்க சார். காத்து நம்ம பக்கம் அடிக்குது, அதுங்களுக்கு வாசம் போகாது.”

நூறு தப்படிக்கு அப்பால் வெளிமான் கூட்டம். பெட்டைகளும் குட்டிகளும் வைக்கோல் நிறத்தில் புல்லோடு புல்லாக மேய்ந்துகொண்டிருந்தன. கொஞ்சம் தள்ளித் தனியே நின்றது கலைமான். முதுகு மை பூசியது போல் கறுப்பு, வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் தூய வெள்ளை, திருகு திருகாக மேலேறும் கொம்புகள். அது நின்ற இடம் அதற்குச் சொந்தமான இடம். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் புழுக்கை போட்டு எல்லை குறித்து வைத்திருந்தது. அந்தக் குவியலைக் காவலர் சுட்டிக்காட்டினார். இன்னொரு கலை அந்த எல்லைக்குள் கால் வைத்தால் சண்டைதான்.

இந்த மானுக்குக் கண்தான் காவல். புலியோ சிறுத்தையோ பதுங்கி வருவதை எட்டத்திலேயே பார்த்துவிட்டால் போதும். மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகம் வரை அதனால் ஓட முடியும். ஆகவே அதற்கு வேண்டியது வெட்டவெளி. பக்கத்துப் புதர்க்காட்டில் புள்ளிமான்கள் எவ்வளவோ இருக்கின்றன. அவை புதரிலும் வாழும், புல்லிலும் மேயும். வெளிமானால் அது ஆகாது. சங்கர் ராமன் முதலிய ஆய்வாளர்கள் 1990-களில் இங்கே மான்களை ஆராய்ந்தபோதும் வெளிமான் இந்த மைதானத்தையும் ராஜ்பவன் பக்கத்துத் திறந்தவெளியையுமே பெரிதும் நம்பியிருந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்ற விலங்கு, நகருக்குள் இந்தப் புல்வெளிகளை நம்பிக் கிடக்கிறது.

மைதானத்தின் ஓரத்தில் வேரோடு பிடுங்கிய சீமைக்கருவேலம் குவிந்து கிடந்தது. விட்டால் சில ஆண்டுகளில் அதுவே மைதானத்தை மூடிவிடும். ஆட்கள் தூரைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பச்சையை அழிக்கிறார்களே என்று வெளியிலிருந்து பார்ப்பவர் பதறலாம். நானும் அந்த ஆட்களைப் பார்த்துக்கொண்டே நின்றேன்; இந்தக் காட்டுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை என்று பட்டது. மரக்கன்று நடுவது ஒன்றே இயற்கைத் தொண்டு என்று நாம் பழகிவிட்டோம். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயலில் சென்னைச் சாலைகளில் சாய்ந்தவற்றில் அப்படி நட்டு வளர்த்த தூங்குமூஞ்சியும் குல்மொகரும் எவ்வளவு! இங்கேயும் மரங்கள் விழுந்தன. தாழ்ந்து படர்ந்த புதர்கள் புயல் கடந்தும் நின்றன.

திரும்பும் வழியில் அப்பளம் குளம். தை மாதம் ஆதலால் தண்ணீர் தளும்பவில்லை என்றாலும் வற்றவில்லை. காத்தான் கொல்லை என்ற இன்னொரு நீர்நிலையும் உள்ளே இருக்கிறது. சேற்றில் மான் குளம்புகளோடு நரியின் தடமும் தெரிந்தது. நரி கிண்டிக்கு உரியது. மான் குட்டிகளைத் தூக்குவதும் அதன் இயல்பு. காவலர் அஞ்சுவது நரிக்கு அல்ல, மதில் இடுக்குகளில் நுழையும் தெருநாய்களுக்கு. நாய் துரத்தினால் மான் கம்பிவேலியில் மோதிச் செத்துப்போகிறது என்றார். வெளியே வழிதவறிப் போன மான்கள் உணவுப் பொட்டலத்தோடு பிளாஸ்டிக்கையும் விழுங்கிவிடுகின்றன. இரண்டும் மதிலுக்கு வெளியே இருக்கும் நம்மால் வருவது.

வேளச்சேரி சாலைப் பக்கம், இங்கிருந்து அதிக தூரமில்லை, 2024-இல் அரசு திரும்ப எடுத்துக்கொண்ட ரேஸ் கோர்ஸ் நிலம் இருக்கிறது. அங்கே பெரிய பூங்காவும் குளங்களும் அமைக்கும் திட்டம். குளங்கள் கட்டாயம் வேண்டும். மழைநீர் தேங்க இடமில்லாமல் தவிக்கும் பகுதி இது. பூங்கா திட்டமிடுகிறவர்கள் ஒரு முறை போலோ மைதானத்தின் ஓரத்தில் வந்து நிற்க வேண்டும் என்பது என் விருப்பம். நடைபாதையும் பூச்செடியும் நீரூற்றும் ஒரு பக்கம் இருக்கட்டும். மீதியில் சில ஏக்கரையாவது எதுவும் நடாமல் புல்லுக்கும் களாவுக்கும் காரைக்கும் விட்டுவைத்து, சீமைக்கருவேலத்தை மட்டும் ஆண்டுதோறும் பிடுங்கிவந்தால் போதும்.