பச்சை வரி, சிவப்பு வரி

கணினிகள் மோதும் சதுரங்கத்தில் எனக்குப் பிடித்த கட்டம் ஒன்று இருந்தது. முதல் பத்துப் பதினைந்து நகர்வுகளை எந்திரம் யோசிக்காமல் சட்டென்று ஆடிவிடும். பிறகு ஓரிடத்தில் நிற்கும். கடிகாரம் ஓடத் தொடங்கும். முன்கூட்டியே எழுதிவைத்த தொடக்க நகர்வுகளின் தொகுப்பான ஓப்பனிங் புக் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை ஆடியவர் அந்த புக்கை எழுதிய மனிதர். இனி ஆடப்போவது எந்திரம். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொடரும் அந்தக் கணத்துக்காகவே பல ஆட்டங்களைப் பார்த்திருக்கிறேன்.

அந்த மனிதர்கள் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை. யூனிக்ஸ் தந்த கென் தாம்ப்சன், ஜோ காண்டனோடு சேர்ந்து கட்டிய ‘பெல்’ எந்திரம் 1980இல் லின்ஸ் நகரில் உலகக் கணினிச் சதுரங்கப் பட்டம் வென்றது. அதற்குத் தொடக்கங்கள் கற்பிக்க, பெல்கிரேடில் அச்சான ஓப்பனிங் கலைக்களஞ்சியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் தட்டச்சு செய்தவர் தாம்ப்சன்தான்.

பிரிட்ஸ் மென்பொருளில் நானும் ஒரு புக் வளர்த்தேன். ஒரு நகர்வுக்குப் பச்சை நிறம் கொடுத்தால் எந்திரம் அதை ஆடும்; சிவப்பு கொடுத்தால் போட்டியில் தொடாது. அன்றைய எந்திரங்கள், சிப்பாய்கள் முட்டிக்கொண்டு அடைத்துக் கிடக்கும் நிலைகளில் திணறும். அதனால் அப்படிப்பட்ட பிரெஞ்சுத் தொடக்க வரிகளுக்கெல்லாம் சிவப்பு. காய்கள் வெட்டவெளியில் மோதும் சிசிலியன் தொடக்க வரிகளுக்குப் பச்சை. முதல் நாள் தனியாகப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்புவது போன்ற வேலை அது. எத்தனையோ இரவுகள் அதில் போயின. ஒன்றுகூட வீணில்லை.

பிறகு தானாக புக் கட்டும் கருவிகள் பரவின. ஆட்டங்களைக் கொட்டினால் போதும். அவற்றில் ஒன்றான பாலிகிளாட், வெற்றிக்கு 2, டிராவுக்கு 1 என்று கூட்டி ஒவ்வொரு நகர்வுக்கும் எடை போட்டுவிடும். ஆனால் பலசாலி ஒருவர் நோஞ்சானை வென்றால், அவர் ஆடிய மோசமான நகர்வும் மதிப்பெண் வாங்கிவிடும். நூறு முறை வென்ற வரியை நேற்று ஒரே ஆட்டம் தகர்த்திருந்தாலும், கணக்கு அந்த நூறையே நம்பும். இதற்கும் மருந்து வந்தது. வரியின் நுனியில் எந்திரத்தையே யோசிக்கவிட்டு, கிடைத்த மதிப்பை வேர்வரை கொண்டுவந்தார்கள். ஒத்தெல்லோ ஆட்டத்துக்காக மைக்கேல் பூரோ இதில் செய்தது மிக அழகான வேலை. எந்திரம் தன் புக்கைத் தானே எழுதிக்கொள்ளத் தொடங்கியது.

1997இல் உலகச் சாம்பியன் காஸ்பரோவோடு மோதிய டீப் புளூ எந்திரத்தில் இரண்டு வழிகளும் கூடியிருந்தன. ஜோயல் பெஞ்சமின் உள்ளிட்ட கிராண்ட்மாஸ்டர்கள் கையால் சேர்த்த சுமார் 4,000 நிலைகள். அவற்றோடு 7,00,000 ஆட்டங்களிலிருந்து கணினி தானே திரட்டிய விரிவு புக். மே 11 அன்று ஆறாவது ஆட்டத்தில், காரோ-கான் தொடக்கத்தின் எட்டாம் நகர்வில் குதிரையைப் பலிகொடுத்தது எந்திரத்தின் யோசனை அல்ல, புக்கில் இருந்தது. காஸ்பரோவ் 19 நகர்வுகளில் தோல்வியை ஒப்புக்கொண்டார். உலகம் எந்திரத்தைப் பார்த்து வியந்தது. எனக்கு அந்தக் குதிரையைத் தள்ளிய மனிதக் கைதான் கண்ணில் நிற்கிறது.

2017இல் ஆல்பாஜீரோ என்ற நிரல் எந்த புக்கும் இல்லாமல், தன்னோடு தானே ஆடி மனிதர்களின் தொடக்கங்களைக் கண்டெடுத்தது. இன்றைய எஞ்சின்களைச் சும்மா விட்டால் டிராவிலேயே முடித்துவிடும். அதனால் பெரிய எஞ்சின் போட்டிகளில், ஒரு பக்கம் சாய்ந்த தொடக்கங்களைத் தேடிக் கொடுக்கிறார்கள். முன்பு ரைப்கா என்ற எஞ்சினுக்கு புக் எழுதிய யெரூன் நோமன் அப்படித் தேர்ந்துகொடுப்பவர்களில் ஒருவர். அந்தத் திறமை இன்றும் மதிக்கப்படுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தொடக்கத்தை இரண்டு எஞ்சின்களும் நிறம் மாற்றி மாற்றி ஆடுகின்றன. யாருக்கும் சலுகை இல்லை. நான் ஏங்குவது பழைய பாரபட்சத்துக்கு. ஒரே ஒரு எந்திரத்தின் பக்கம் நின்று, அதன் பலவீனம் எதிராளிக்குத் தெரியாதபடி வழி அமைத்துக் கொடுத்த நாட்களுக்கு.