கை வைக்காத ரோஜா

1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார் வெளிவரத் தொடங்கியபின் சுற்றுவட்டாரத்தில் உதிரிபாகக் கம்பெனிகள் பெருகின. அப்படி ஒன்றில் எட்டு வருடம் கார் சீட் கவர் தைத்தவள் நான். இரண்டாவது பிரசவத்தோடு வேலையை விட்டேன். போன மாதம் செயினை அடகு வைத்து எம்ப்ராய்டரி மெஷின் வாங்கினேன். மாமியாரைத் தவிர வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை.

எதிர்வீட்டு அக்கா அன்றைக்கே பட்டு ஜாக்கெட் துணியைக் கொடுத்துவிட்டார். நல்லவேளை, பழைய வேட்டித் துண்டில்தான் ஆரம்பித்தேன். மெஷினிலேயே இருக்கும் டிசைன்களில் ஒரு சின்ன ரோஜா. பட்டனை அழுத்தியதும் ஃப்ரேம் தானாக நகர்ந்தது. என் கை சும்மா இருக்குமா? பழக்க தோஷத்தில் துணியைத் தள்ளிவிட்டது. இதழ் ஒருபக்கம், வெளிக்கோடு ஒருபக்கம். துணி வேறு சுருங்கிவிட்டது. அடியில் ஸ்டெபிலைசர் பேப்பரே வைக்கவில்லை. தையல் தெரிந்தவள் என்ற மிதப்பு!

மறுபடி பேப்பர் வைத்து, தட்டினால் மத்தளம்போல் சத்தம் வருமளவு ஃப்ரேமை இறுக்கி, கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன். சிவப்பு முடிந்ததும் மெஷினே நின்றது. பச்சை நூல் கோத்தேன். இலையும் சரியாக உட்கார்ந்தது. திருப்பிப் பார்த்தால், இதழ்களின் பின்பக்கம் பாபின் நூலின் வெள்ளை நடுவில் மூன்றில் ஒரு பங்குதான் தெரிந்தது. டென்ஷன் சரி.

நைட் ஷிஃப்ட் முடித்து வந்த கணவர், "மெஷின் போட்டதுதானே?" என்றார். முதல் துண்டை நீட்டினேன். "இதுவும் மெஷின் போட்டதுதான்."

பட்டை ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன். அடகுக்கடை வட்டி பத்தாம் தேதி.