ஒலிக்குக் கோடு போடப் பழகினேன்

பேச்சைக் கேட்டு எழுதும் கணினிக்குப் பாடம் தயாரிக்கும் வேலை என்று சொல்லித்தான் விழுப்புரத்தில் சேர்ந்தேன். திண்டிவனத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பதிவுசெய்த பேச்சை வாக்கியம் வாக்கியமாக வெட்டி எழுத்தாக்க வேண்டும். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளில் பேச்சைத் திரட்டியிருக்கிறது. எங்களுடையது அதைவிட மிகச் சிறிய முயற்சி.

கற்றுக்கொடுத்த அக்கா முதலில் பிராட் மென்பொருளைத் திறந்துவைத்தார். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது. ஒலியைப் படமாகக் காட்டும். உயிரெழுத்து வந்தால் கிடைவாக்கில் கரும்பட்டைகள்; 'ஸ' வந்தால் படத்தின் மேல்பாதி கருக்கும். மவுஸால் கோட்டை இழுத்து வைத்து டேப் விசையை அழுத்தினால் அந்தத் துண்டு மட்டும் ஒலிக்கும்.

வெட்டுவதில்தான் பல நாள் திணறினேன். மல்லாட்டை (நிலக்கடலை) விதைப்பைப் பற்றி ஒரு பெரியவர் நிதானமாகப் பேசிய பதிவு. படத்தில் வெள்ளையாக ஓர் இடைவெளி தெரிந்தது. மூச்சு வாங்குகிறார் என்று அங்கே கோடு போட்டேன். டேப்பை அழுத்தினால் 'மல்லா' மட்டும் வந்தது. மிச்சம் அடுத்த துண்டில். 'ட்ட' சொல்ல நாக்கு அண்ணத்தில் ஒட்டி நிற்கும் நேரம்தான் அந்த வெள்ளை.

"இதை வெட்டிட்டா 'பட்டு' எது, 'படு' எதுன்னு மெஷினுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் அக்கா. தொண்டையில் விரல் வைத்து இரண்டையும் சொல்லிப் பார்க்கச் சொன்னார். 'படு' என்றபோது விரலில் அதிர்வு அறுபடவே இல்லை. 'பட்டு' என்றபோது நடுவில் நின்று, மறுபடி வந்தது.

எழுத்தாக்கம் இன்னும் கடினம். 'எடுத்துக்கினு போனாங்க' என்று காதில் விழுந்ததை, பள்ளியில் பழகிய கை 'எடுத்துக்கொண்டு போனார்கள்' என்று எழுதிவிடும். அக்கா சிவப்பில் குறித்துத் திருப்பி அனுப்புவார். நொடிக்கு 16,000 முறை அளந்த ஒலியை 25 மில்லிநொடித் துண்டுகளாகப் பார்த்துத்தான் கணினி எழுத்தோடு பொருத்துகிறது. ஒலியில் இல்லாத 'கொண்டு' எழுத்தில் இருந்தால் தப்பாகத்தானே கற்கும்? "திண்டிவனத்து ஆளு பேசினதைத் திருத்த நீ யாரும்மா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டார். அதன்பிறகுதான் கை அடங்கியது. இந்த வட்டாரப் பேச்சைக் கணினி கற்காவிட்டால், இங்குள்ளவர்கள் நாளை போனிடம் செய்தி வாசிப்பவர் போலப் பேச வேண்டியிருக்கும். அது நியாயமில்லை.

ரயில் ஹாரன் கலந்த பதிவுகளை ஒதுக்கப் போனேன். ஹாரனைக் குறித்துவிட்டுப் பேச்சை எழுதச் சொன்னார் அக்கா. வீதியில் நின்று பேசுபவரையும் மெஷின் கேட்டாக வேண்டுமே.

ஒரு மாலை, ஒலிக்கவிடாமலே படத்தைப் பார்த்து 'ட்ட' வரும் இடத்தில் விரல் வைத்தேன். டேப்பை அழுத்தினேன், சரியாக இருந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தான் வெட்டிய பதிவுகளைச் சரிபார்க்க என்னிடம் கொடுத்தார். இருவர் ஒரே நேரத்தில் பேசும் இடங்களை இப்போது பழகிக்கொண்டிருக்கிறேன்.