ஊட்டிக்குப் போகவில்லை

பங்குனி பிறந்து வெயில் முற்றத்தில் இறங்கிவிட்டால், தமிழ்நாட்டுக் குடும்பங்களில் ஒரு பேச்சுத் தானாகக் கிளம்பிவிடுகிறது: "இந்த வருஷம் ஊட்டிக்கு எப்போது?" கும்பகோணத்தில் நமது இல்லத்திலும் அந்தப் பேச்சுக் கிளம்பியது. கிளப்பியவர்கள் குழந்தைகள். பெண்ணுக்கு வயது பதின்மூன்று, பையனுக்குப் பத்து. மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு மலை ஏறுகிறதே, அந்த ரயிலில் போயே தீரவேண்டும் என்பது அவர்கள் கட்சி. 1908-ம் வருஷத்திலேயே உதகமண்டலத்தை எட்டிவிட்ட அந்த ரயிலில் நமக்கு ஓர் இடங்கூட மிச்சமில்லை. மோட்டாரில் போகலாமென்றாலோ, 2024-ம் வருஷம் மே மாதம் முதல் நீலகிரிக்கு ஏறும் வெளியூர் வண்டிகள் முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்று ஏற்பாடாகியிருக்கிறது. நாம் விழித்துக்கொள்வதற்குள் காரியம் மிஞ்சிவிட்டது.

அப்போது நம் தாயார் ஒரு வார்த்தை சொன்னார். "மலை ஏற முடியாவிட்டால் என்ன? அடிவாரத்தில் கோயமுத்தூர் இருக்கிறது, பேரூர் இருக்கிறது. எனக்கு முழங்கால் நன்றாயிருக்கும்போதே பட்டீசுவரரைத் தரிசித்துவிடுகிறேன்." குழந்தைகளின் முகம் சுண்டிவிட்டது. ஆனால் கோர்ட்டில் மேல் விசாரணை உண்டு. பாட்டியின் தீர்ப்புக்கு அது கிடையாது.

உண்மையில், கோவையின் வழியாக நாம் எத்தனையோ முறை போயிருக்கிறோம். கோவைக்கு என்று ஒரு தடவையாவது போனதில்லை. நம்மைப் போன்றவர்களுக்கு அது வண்டி மாறுகிற இடம். கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிற இடம். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள நான்கு நாள் கிடைத்தது.

ஜாகை

பிற்பகலில் கும்பகோணத்தில் ஜன சதாப்தியில் ஏறினால், இரவு ஒன்பது மணிக்கு மேல் கோவையில் இறங்கலாம். இறங்கியவுடன் நாம் செய்த முதல் காரியம் ஒரு தவறு. பஸ் நிலையத்தின் பக்கம், கண்ணில் பட்ட முதல் விடுதியில் நுழைந்துவிட்டோம். அறை மலிவு, கொசு இலவசம். விடிய விடிய வெளியூர் பஸ்களின் குழல் ஓசை வேறு. மறுநாள் காலையிலேயே மூட்டையைக் கட்டினோம்.

நேயர்களுக்கு இதனால் ஒரு யோசனை சொல்லலாம். ஓர் இரவு தங்கி விடியற்காலையில் வண்டி பிடிப்பவர்களுக்கு ரயில் நிலையமும் காந்திபுரமும் சௌகரியம். பணத்தைப் பற்றிக் கவலையில்லாதவர்களுக்கு ரேஸ் கோர்ஸும் அவிநாசி ரோடும் இருக்கின்றன. குழந்தைகளும் முதியவர்களுமாகப் போகிறவர்கள் மேற்கே ஆர். எஸ். புரத்தில் தங்குவதே நலம். அங்கிருந்து விவசாயக் கல்லூரி, வனக் கல்லூரி, பேரூர், மருதமலை எல்லாம் ஒரே திசை. நாம் அங்கேதான் மாறிக்கொண்டோம்.

அந்தப் பேட்டைக்கு அப்பெயர் வந்த கதையும் அறியத் தக்கது. ஆர். எஸ். என்ற எழுத்துக்கள் இரத்தினசபாபதி முதலியாரைக் குறிப்பவை. நகரசபைத் தலைவராயிருந்த அவர் காலத்தில்தான் சிறுவாணித் தண்ணீர் கோவைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன் இவ்வூர் தண்ணீருக்குத் தவித்த ஊர். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பிளேக் நோய் திரும்பத் திரும்ப வந்து ஜனங்களை வாரிக்கொண்டு போன ஊர். 'பிளேக் மாரியம்மன்' என்ற பெயருடன் இங்கே இன்றும் கோயில்கள் இருக்கின்றன. மேற்கு மலைக்குள் இருக்கும் ஆற்றைக் கொண்டுவர வேண்டுமென்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே குரல் எழுப்பியவர் எஸ். பி. நரசிம்மலு நாயுடு. தமிழில் பிரயாண நூல் எழுதிய முன்னோடிகளில் ஒருவர் அவர். பிரயாணக் கட்டுரை எழுதப் புகுந்த நாம் அவருக்கு ஒரு கும்பிடு போடாமல் மேலே செல்வது நியாயமாகாது.

நாற்று நட்ட கடவுள்

ஆட்டோக்காரர் நம்மைப் பேரூருக்கு அழைத்துச் செல்கையில், "எந்த ஊருங்க? ஊட்டிக்குப் போற வழியிங்களா?" என்று கேட்டார். "இல்லை, கோவையைப் பார்க்கத்தான் வந்தோம்" என்றோம். அவர் கண்ணாடியில் நம்மை ஒரு முறை பார்த்தார். "அப்படிங்களா! எங்கூரையும் பாக்க வர்றாங்களாக்கும்!" என்று சொல்லி, வண்டியைச் சற்று மெதுவாகவே ஓட்டினார். அவருடைய ஊரை நாம் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று எண்ணினார் போலும்.

கோவையின் வசந்தம் காலையிலும் மாலையிலும் குடியிருக்கிறது. நடுப்பகலில் வெயில் சுடத்தான் சுடும். ஆனால் மேற்கு மலைத் தொடரில் பாலக்காட்டுக்கு நேரே ஒரு பெரிய வாசல் திறந்து கிடக்கிறதல்லவா? அதன் வழியே வரும் காற்று மாலையில் நகரத்தைத் தடவிக் கொடுக்கிறது. சாலையோரத்து வேம்பெல்லாம் பூத்திருந்தது. பேரூரில் உத்திரத் திருவிழா முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வாடிய தோரணங்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தன.

மேலைச் சிதம்பரம் என்று இத்தலத்தைப் போற்றுகிறார்கள். நாயக்கர் காலத்துக் கனகசபையில் ஒவ்வொரு தூணிலும் ஒரு சிற்பம் உயிரோடு நிற்கிறது. யானையை உரித்துத் தோலைப் போர்த்திய பெருமானின் நகத்தைக்கூடக் கல்லில் காட்டியிருக்கிறார்கள். இறவாத பனையையும் பிறவாத புளியையும் பற்றிய ஐதீகத்தைத் தாயார் குழந்தைகளுக்குச் சொன்னார். ஆயினும் நம் மனத்தைப் பிடித்தது வேறொரு கதை. சுந்தரர் பாடிக்கொண்டு பொருள் கேட்க வருகிறார். கொடுப்பதற்குக் கையில் ஒன்றுமில்லாத பட்டீசுவரர், அம்மையோடு வயலில் இறங்கி, உழவராக வேஷம் பூண்டு நாற்று நடப் போய்விடுகிறார். சொல்லக்கூடாதென்று நந்தியிடம் எச்சரித்திருந்தும், நந்தி கண்ணால் ஜாடை காட்டிவிடுகிறது. கோபங்கொண்ட கடவுள் மண்வெட்டியால் நந்தியின் முகத்தில் ஒரு போடு போடுகிறார்!

கடன்காரனுக்கு ஒளிந்து வயலில் வேலை செய்யும் கடவுளைக் காவிரிக் கரையில் நாம் கண்டதில்லை. எங்கள் பக்கத்துச் சுவாமிகள் தேரில் வருவார்கள், தெப்பத்தில் மிதப்பார்கள். கொங்கு நாட்டுக் கடவுளோ சேற்றில் இறங்குகிறார். அந்தக் கதையை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், கோவையில் மற்றவையெல்லாம் விளங்குகின்றன.

ஆலயத்துக்கு அப்பால் நொய்யலின் படித்துறை. முன்னோர்களுக்குக் கடன் கழிக்க வந்தவர்கள் அங்கே அமர்ந்திருந்தார்கள். படிகள் இருந்தன, ஆறு இல்லை. மணலும் புதரும் நடுவே பாசி படிந்த ஒரு குட்டையுமே இருந்தன. தாயார் கடைசிப் படி வரையில் இறங்கிச் சென்று, தலையில் தெளித்துக்கொள்ளத் தண்ணீரில்லாமல், வெறுங்கையைக் கூப்பிவிட்டுத் திரும்பி வந்தார். அப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கரும்பும் காடும்

அடுத்த நாள் குழந்தைகளின் நாள். லாலி ரோட்டில் 1906-ல் சைதாப்பேட்டையிலிருந்து இடம் பெயர்ந்து வந்த விவசாயக் கல்லூரி, 1971 முதல் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அதன் தாவரத் தோட்டத்தில் காலை வேளையில் உலாவுவதே ஒரு சுகம். 2018-ல் அங்கே பூச்சிகளுக்கென்று ஒரு காட்சிசாலை திறந்திருக்கிறார்கள். ஊட்டியை நினைத்து முகத்தைத் தூக்கி வைத்திருந்த பையன் அதற்குள் நுழைந்தவன், இரண்டு மணி நேரம் வெளியே வர மறுத்துவிட்டான்.

அதன் அருகில்தான் 1912-ல் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையம். உள்ளே செல்லாவிட்டாலும், அவ்வழியே போகும் ஒவ்வொரு தமிழரும் ஒரு கணம் நின்று போகவேண்டிய இடம் அது. அக்காலத்தில் வடநாட்டில் விளைந்த கரும்பு மெலிந்தது. சர்க்கரையோ ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கிற்று. கரும்பை ஒட்டு வளர்க்க வேண்டுமானால் அது பூக்க வேண்டும். வித்துப் பிடிக்க வேண்டும். கோவையின் சீதோஷ்ணத்தில் கரும்பு நன்றாகப் பூத்தது. பார்பர் என்ற துரையும் அவருக்குத் துணையாயிருந்த நம் வெங்கட்ராமனும் சாறு நிறைந்த கரும்பின் பூவோடு, யாரும் மதிக்காத காட்டு நாணல் கரும்பைச் சேர்த்தார்கள். 1918-ல் 'கோ 205' என்ற ரகம் வெளி வந்தது. பஞ்சாபின் குளிரையும் வறட்சியையும் தாங்கி நின்ற அந்தக் கரும்பின் 'கோ' என்னும் எழுத்துக்கு அர்த்தம் வேறொன்றுமில்லை, கோயமுத்தூர்தான்! வடக்கே கங்கைக் கரையில் குழந்தைக்கு வாயில் வைத்த வெல்லத்தில் கோவைப் பூவின் மகரந்தம் கலந்திருக்கிறது என்று பெண்ணிடம் சொன்னோம். "இதை ஏன் பாடத்தில் போடவில்லை?" என்று கேட்டாள். உபாத்தியாயரான நமக்குப் பதில் தெரியவில்லை.

வனக் கல்லூரி வளாகத்தில் 1902-ல் தோன்றிய காஸ் காட்சிசாலையையும் தவறவிடக்கூடாது. மரங்களின் வகையும் காட்டு ஜீவன்களின் உருவும் பழைய மரப் பேழைகளில் ஒழுங்காக வைத்திருக்கின்றன. வேலை நாளாகப் பார்த்து, நேரம் விசாரித்துக்கொண்டு போகவேண்டும்.

செக்கு

மாலையில் மத்திய சிறையின் மதிலருகே சென்றோம். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட சிதம்பரம் பிள்ளை, 1908-ம் வருஷம் ஜூலை மாதம் இந்தச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். 1910 இறுதியில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்படும் வரையில் அவர் உடல் இங்கேதான் நைந்தது. மாடு இழுக்கவேண்டிய செக்கை இழுக்கும்படி அவரை ஏவினார்கள். அந்தச் செக்கை நினைவுச் சின்னமாகப் போற்றி வருகிறார்கள். ஆனால் சிறை இன்றும் சிறைதான், நினைத்தவுடன் நுழைந்துவிட முடியாது. முன்கூட்டியே அனுமதிக்கு எழுதாமல் போனது நமது பிழை. சிறைக்குரிய நிலத்தின் ஒரு பகுதியில் இப்போது செம்மொழிப் பூங்கா அமைத்திருக்கிறார்கள். அங்கே செடிகளின் நடுவே ஜனங்கள் ஆனந்தமாக உலாவிக்கொண்டிருந்தார்கள்.

பெண் சிறிது நேரம் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கப்பல் ஓட்டியவருக்கு ஏன் செக்கு?" என்றாள். கேலி செய்வதற்காகத்தான் அம்மா. கடலில் தலை நிமிர்ந்து போனவனை ஒரே வட்டத்தில் சுற்றவைத்தால் அவன் மனம் முறிந்துவிடும் என்று எண்ணினார்கள். முறியவில்லை. இரண்டு நாளாகக் காதில் விழுந்த ஊட்டிப் பேச்சு அன்றிரவு எழவேயில்லை.

சித்திரைக் கனி

வருஷப் பிறப்பு அன்று கொங்கு நாட்டில் இருப்பது ஒரு பாக்கியம். முதல்நாள் இரவே பழங்களையும் பூவையும் பொன்னையும் கண்ணாடிக்கு முன் பரப்பி வைத்துவிட்டு, விடிந்ததும் முதல் முதலாக அதில் கண் விழிக்கிறார்கள். கனி காணுதல் என்று பெயர். கோயில்களிலும் பழ அலங்காரந்தான். புலியகுளத்தில் ஒரே கல்லில் ஓங்கி நிற்கும் முந்தி விநாயகர் அன்று பழக் குவியலுக்கு நடுவே காட்சி கொடுத்தார்.

ஆகார விஷயத்தில் கோவைக்கு நிகர் கோவையே. அன்னபூர்ணாவின் சாம்பாரைப் பற்றி நாம் எழுதி யாருக்கும் தெரியவேண்டியதில்லை. ஆனால் அதோடு நின்றுவிடக்கூடாது. அரிசியும் பருப்பும் சாதம், சந்தகை, கொள்ளு ரசம், ஒப்புட்டு ஆகியவற்றைத் தேடிச் சாப்பிட வேண்டும். பரிமாறின அம்மாள், "இன்னுங் கொஞ்சம் வெச்சுக்க கண்ணு" என்று பையனிடம் சொல்லிச் சொல்லி மூன்றாவது ஒப்புட்டையும் இலையில் போட்டுவிட்டார். அந்த 'கண்ணு'வுக்கு மறுப்புச் சொல்ல யாரால் முடியும்?

வெயில் தாழ்ந்த பிறகு உக்கடம் பெரியகுளக் கரையில் உலாவலாம். நொய்யலின் வெள்ளத்தை வாங்கித் தேக்கி, ஒன்று நிரம்பி மற்றொன்றுக்கு வழியவிடும்படி முன்னோர் வெட்டிய ஏரித் தொடரில் அதுவும் ஒன்று. விடியற்காலையில் மருதமலை ஏறலாம். பாம்பாட்டிச் சித்தரின் குகையும் அங்கே உண்டு. திடகாத்திரமுள்ளவர்கள் பூண்டியிலிருந்து வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் மூங்கில் கோலூன்றிக் கடக்கும் பருவமும் இதுவே. மூச்சுக் கோளாறும் இருதயக் கோளாறும் உள்ளவர்கள் அடிவாரத்திலேயே கும்பிட்டுக்கொள்வது உத்தமம்.

திரும்பும் வழி

ரயில் திருப்பூரைக் கடந்தது. 1932 ஜனவரியில் கொடியைக் கைவிடாமல் அடிபட்டு உயிர் விட்ட குமரனின் ஊர். கதருக்குப் பேர்போன ஊர். இன்று உலகத்துக்கே பனியன் தைத்துக் கொடுக்கிறது. ஆனால் அந்தத் துணிக்கு ஏற்றிய சாயம் நெடுங்காலம் நொய்யலில்தான் இறங்கியது. கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்காகக் கட்டிய அணை, சாய நீரைத் தேக்கும் குட்டையாக மாறியது. 2011-ல் உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குக் காரியம் முற்றியது. பட்டறைகள் பிறகு தண்ணீரைச் சுத்தம் செய்யும் முறைகளோடு திறந்தன. ஆற்றின் காயம் அத்தனை சீக்கிரம் ஆறக் காணோம்.

ஈரோட்டைத் தாண்டி, கொடுமுடிக்கு அப்பால் நொய்யல் காவிரியில் கலக்கும் இடம் வந்தபோது, "இது எந்த ஆறு?" என்று தாயார் கேட்டார். சொன்னோம். "பேரூரில் பார்த்த அதே ஆறா? அது நம்ம காவிரியிலா வந்து விழுகிறது?" என்றார். சற்று நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்படியானால் அங்கே படித்துறையில் தண்ணீர் இல்லாதது நம் வீட்டு விஷயந்தான்" என்றார்.

தண்ணீரில்லாத இடத்தில் மலையைக் குடைந்து தண்ணீர் கொண்டுவந்தவர்கள் கோவை ஜனங்கள். நாணலிலிருந்து சர்க்கரை எடுத்த ஊர் அவர்களுடையது. கடவுளையே சேற்றில் இறக்கியவர்கள், தங்கள் ஆற்றைத் தூர்வார இறங்க மாட்டார்களா? இறங்குவார்கள். அவர்களோடு காவிரிக் கரையில் இருக்கும் நாமும் ஒரு கை கொடுக்க வேண்டும். அதற்கு முதற்படியாக, அடுத்த வசந்தத்தில் மேட்டுப்பாளையத்துக்கு வண்டி மாறும்போது, நேயர்கள் கோவையில் மூட்டையை இறக்கி வைக்கட்டும். நான்கு நாள் முடியாவிட்டால் இரண்டு நாளாவது தங்கட்டும்.

"அடுத்த வருஷம் எங்கே?" என்று குழந்தைகளைக் கேட்டோம். "ஊட்டி" என்றான் பையன். "கோவையில் இறங்கி, செக்கைப் பார்க்க முன்னாலேயே எழுதிப்போட்டுவிட்டு, அப்புறம் ஊட்டி" என்றாள் பெண். தீர்ப்பு நியாயமாகவே பட்டது.