புகை போகும் வழி

(இரண்டாமாண்டு மாணவி, மின்னியல் துறை)

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். சரிதான். ஆனால் வந்த புகை எந்த வழியாகப் போகிறது என்று யாராவது கேட்டதுண்டா? நம் வீடுகளில் அது பெரும்பாலும் அம்மாவின் கண்ணிலும் மூக்கிலும் புகுந்துதான் போயிருக்கிறது! அதைப் பற்றித்தான் இந்த ஆண்டு மலரில் நாலு வார்த்தை எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன், நண்பர்களே.

எங்கள் ஊர் திருநின்றவூர். பூசலார் நாயனார் மனசுக்குள்ளேயே கோயில் கட்டிய ஊர். இருதயாலீஸ்வரர் கோயில் இன்றும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. சாமிக்கு மனசுக்குள் கோயில் கட்டலாம். புகைபோக்கியை அப்படிக் கட்ட முடியாது. குழாய், காற்று, வெப்பம் மூன்றும் கணக்காக அமைய வேண்டும். அமைந்த பிறகும் அதை யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எங்க ஆயா காலமெல்லாம் சவுக்கு மிலாறு வைத்துத்தான் அடுப்பெரித்தது. சமையல்கட்டுச் சுவர் கன்னங்கரேல் என்று இருக்கும். ஆயாவின் இருமல் எங்கள் தெருவுக்கே தெரியும். நடுவில் ஒரு புகையில்லா அடுப்பும் போட்டார்களாம். கூரை வழியாகக் குழாய் ஏற்றி, ஒரு வருஷம் நன்றாக இழுத்ததாம். அப்புறம் குழாயில் கரி அடைத்துக்கொண்டது. அதை எப்படிச் சுத்தம் செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. ஆயா மறுபடியும் மூன்று கல் அடுப்புக்கே வந்துவிட்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல, நாட்டின் கதையும் இதுதான். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா முன்நின்று நடத்திய வார்தா கிராமக் கைத்தொழில் சங்கம் 1947-லேயே ‘மகன் சுலா’ என்ற புகைபோக்கி வைத்த அடுப்பைச் செய்தது. ஐதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் புகையில்லாச் சமையலறையைப் பற்றி 1953-ல் ஒரு புத்தகமே எழுதினார். 1980-களில் தொடங்கி 2002 வரை மத்திய அரசு நாடெங்கும் புகையில்லா அடுப்புகளைக் கொடுத்தது. பிறகு ஒடிசா கிராமங்களில் புகைபோக்கி அடுப்பு கொடுத்து நாலு ஆண்டுகள் கவனித்தார்கள். கவனித்தவர்களில் ஒருவரான எஸ்தர் டஃப்ளோ 2019-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர். முதல் வருஷம் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அப்புறம் அந்தப் பலன் மறைந்துவிட்டது. காரணம்? அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவும் இல்லை, பராமரிக்கவும் இல்லை! கொடுப்பது ஒருநாள் வேலை, பார்த்துக்கொள்வது தினப்படி வேலை அல்லவா?

ஏன் அடைக்கிறது என்று நம் பாடத்தை வைத்தே பார்ப்போம். சூடான காற்று லேசானது, அதனால் மேலே போகிறது. அது போன இடத்துக்குக் கீழிருந்து புதுக்காற்று வருகிறது. இதுதான் இழுவை. இப்போது 4 அங்குல விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் அரை அங்குலம் கரி படிந்தால் மிச்ச விட்டம் 3 அங்குலம். கால்வாசிதானே போச்சு என்று தோன்றும். ஆனால் பரப்பளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆயிற்றே! 16-க்கு 9. வழி ஏறக்குறைய பாதியாகிவிட்டது. மிச்சப் புகை வீட்டுக்குள்தான் திரும்பும்.

2007-ல் தமிழக அரசின் இலவச கேஸ் அடுப்பு வர ஆரம்பித்தது. விறகுப் புகை மெல்ல ஒழிந்தது. இப்போது எங்கள் ஊரில் அடுக்குமாடி வீடுகள் பெருகிவிட்டன. வீட்டுக்கு வீடு மின்சாரச் சிம்னி. வடை, பூரி, அப்பளம் என்று தினமும் எண்ணெய் காய்கிற நம் சமையலுக்கு அந்தச் சிம்னி படும் பாடு சொல்லி மாளாது!

எங்க அப்பா எட்டாவது வரைதான் படித்தவர். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சிம்னி எல்லாம் சர்வீஸ் செய்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். அவரிடம் கற்றதையும் வகுப்பில் கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நாமே செய்யக்கூடியவை: மாதம் ஒருமுறை ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பில்டரைக் கழற்றி ஆப்பச் சோடா போட்ட வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவலாம். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். எண்ணெய் சேரும் கிண்ணத்தைக் கொட்டலாம். ‘ஆட்டோ கிளீன்’ என்று எழுதியிருந்தாலும் அந்தக் கிண்ணம் தானாகக் காலியாகாது! வெளிக்குழாய் இல்லாத சிம்னியில் கரி பில்டர் இருக்கும். அதைக் கழுவக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். இழுவையைச் சோதிக்க ஒரு நியூஸ்பேப்பர் துண்டு போதும். சிம்னியை ஓடவிட்டுப் பில்டரில் வைத்தால் ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

கையை எடுத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியவை: தகட்டைத் தொட்டால் சுர்ரென்று அடிப்பது, கருகிய வாசனை, மோட்டார் கடகடவென்று அதிர்வது, கழுவிய பிறகும் இழுக்காமல் இருப்பது, குழாய் இணைப்பில் எண்ணெய் வடிவது. இவற்றில் எது வந்தாலும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். மோட்டாரோடு இருக்கும் கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கலாம் என்று நமக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அண்ணனுக்குத் தெரியாது. பழைய வீடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய் இருந்தால் சுரண்டவே கூடாது. அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன்.

இன்னொன்று, மிக முக்கியம். வீட்டில் கேஸ் வாசனை வந்தால் “சிம்னியைப் போடு, இழுத்துடும்” என்று சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். ஐயோ, போடவே கூடாது! ஸ்விட்சில் வரும் ஒரு பொறி போதும். அதோடு சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழும், மேலே இருக்கும் சிம்னிக்கு எட்டாது. எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும்.

ஏரிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். “மோட்டார் போயிடுச்சு, புதுசு போடணும்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போனாரு” என்றார் அந்த அம்மா. அப்பா மோட்டாரைத் தொடவே இல்லை. சத்தத்தைக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு வெளியே போய்ச் சுவரைப் பார்த்தார். குழாய் வாயில் புறாக்கூடு! குஞ்சு எதுவும் இல்லாத பழைய கூடு. எடுத்துப்போட்டு வலை அடித்ததும் பேப்பர் துண்டு பட்டென்று ஒட்டியது. “பாப்பா, டிப்ளமோ படிக்கிறியாமே, அப்பாவுக்கு நீதான் சொல்லிக் குடுத்தியா?” என்று அந்த அம்மா கேட்டார். “இல்லம்மா, எனக்குத்தான் அவர் சொல்லித்தராரு” என்றேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் டூல்ஸை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

சில வீடுகளில் “துடைக்கிறதுக்கு இவ்வளவா?” என்று கூலியைக் குறைப்பார்கள். துடைக்க அல்ல, எங்கே பழுது என்று கண்டுபிடிக்கத்தான் அந்தக் கூலி என்பது அவர்களுக்குப் புரிவதில்லை. கரியைத் துடைப்பவர் உடம்பையும் கொஞ்சம் நினைக்க வேண்டும். லண்டனில் புகைபோக்கிக்குள் சின்னப் பையன்களை ஏற்றிச் சுத்தம் செய்தார்கள். அந்தக் கரியால் புற்றுநோய் வருவதை 1775-லேயே மருத்துவர் பெர்சிவல் பாட் எழுதினார். அந்தக் கொடுமையைச் சட்டம் முழுதாக நிறுத்த 1875 ஆகிவிட்டது, சரியாக நூறு வருஷம்! நான் அப்பாவை முகமூடி இல்லாமல் வேலைக்கு அனுப்புவதில்லை.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். ஊரில் எது பழுதானாலும் “உனக்குத் தெரியுமே” என்று நம்மைத்தான் கூப்பிடுவார்கள். பெருமைதான். ஆனால் எதைத் திறக்கலாம், எதைத் திறக்கக்கூடாது என்று சொல்லத் தெரிவதும் நம் படிப்பில் சேர்த்திதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பில்டரைக் கழற்றி நீங்களே கழுவுங்கள். அந்த வேலையையும் அம்மா தலையில் கட்டாதீர்கள். அதற்கு மேல் என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வந்தவருக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்து, பக்கத்தில் நின்று கவனியுங்கள். ஒரு பிராக்டிகல் வகுப்பு இலவசம்!