பழைய பெட்டி, புதுத் தோல்

கொச்சிக் காயல் தீவான வல்லார்பாடத்தில் மாதா கோவிலின் திருவிழா செப்டம்பர் 24. அதற்குத் தயாராகிறபோது, திருப்பலிக்குப் பாடும் குழுவானாலும் மேடையில் கானமேளா நடத்தும் குழுவானாலும், தாளத்துக்கு எலக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கக் கிளம்பினால் ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: பத்து இருபது வருஷம் ஓடிய பழைய செட்டை மலிவாக வாங்குவதா, கையிருப்பை எல்லாம் கொட்டிப் புதியதை வாங்குவதா? கடைக்காரர் உடனே எத்தனை சத்தங்கள் என்று கணக்குச் சொல்ல ஆரம்பிப்பார். வாங்குகிறவர் காசை வீணாக்குவது அந்தக் கணக்கில்தான் என்பது என் எண்ணம். மின்தாளக் கருவியில் சத்தத்துக்கு அவ்வளவு சீக்கிரம் வயதாவதில்லை. வயதாவது அடிக்கிற பரப்புக்குத்தான்.

1980-இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 தாள எந்திரத்தின் தயாரிப்பு சில வருஷங்களிலேயே நின்றுபோனது. அதன் அடிநாதம் இன்றும் உலகம் முழுக்கப் பாட்டுகளில் உறுமிக்கொண்டிருக்கிறது. 1981-இல் இங்கிலாந்திலிருந்து வந்த சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5 இன்னும் நல்ல உதாரணம். அதன் ‘டூம்’ சத்தத்துக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. அந்த அறுகோணப் பேடுகளைத்தான் யாரும் திரும்பக் கேட்கவில்லை. பாலிகார்பனேட் தகட்டில் அடித்து அடித்து வாத்தியக்காரர்களுக்கு மணிக்கட்டு வலி வந்ததுதான் மிச்சம். தொடுகை உண்மையில் மாறியது 1997-இல், ரோலண்டின் டிடி-10 வலைத்தோலோடு வந்தபோது. நுண்ணிய வலை, நிஜ டிரம்மைப் போலவே சாவியால் இழுத்து முறுக்கலாம், அடியில் கூம்பு வடிவ ஸ்பாஞ்சு, அதன் கீழே அதிர்வை மின்சாரமாக்கும் சென்சார். குச்சி தானாக எழும்பி வந்தது. ரப்பர் பேடில் பழகிய கைக்கு இது வேறு உலகம்.

காயல் காற்றும் இதே பக்கம்தான் சாட்சி சொல்கிறது. உப்பும் ஈரமும் சிப்புக்குள் பதிந்த சத்தத்தைத் தொடுவதில்லை. ஜாக், பட்டன், வால்யூம் குமிழ், பேடின் உள் இணைப்பு ஆகிய தொடுபுள்ளிகளைத்தான் அரிக்கின்றன. ஆகவே பணம் குறைவாக இருக்கிற குழு, நல்ல நிலையில் உள்ள பழைய மாட்யூலை, அதாவது சத்தம் தரும் மூளைப் பெட்டியை வாங்கி, மிச்சப் பணத்தைப் புது வலைத்தோல் பேடுகளில் போடலாம். சாதாரணக் கால் அங்குல ஜாக்கில் வேலை செய்யும் பேடு பெரும்பாலும் பழைய பெட்டியோடும் ஒத்துப்போகும்; சென்சிடிவிட்டியைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான். யூஎஸ்பி வழியாகச் சேரும் அண்மைக்கால டிஜிட்டல் ஸ்னேர் போன்றவை மட்டும் பழையதில் சேரா.

பழைய மாட்யூலில் வேகமாக உருட்டினால் ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வந்து எந்திரத் துப்பாக்கி மாதிரி கேட்கும் என்பார்கள். உண்மைதான். ரைடு சிம்பலும் ஹை-ஹாட்டும் இன்னும் மோசம். அங்கே புதியதே மேல் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் கோவிலில் நிஜ டிரம்ஸை விட்டு இதற்கு வந்ததே குரல்கள் அமுங்காமல் இருக்கத்தான். மெல்லிய ஒலியளவில், நிதானமான ஆறெட்டுத் தாளத்தில் போகும் பாட்டில் அந்தக் குறை எத்தனை பேர் காதில் விழும்? விழுந்தால், பழைய பெட்டியின் மிடி வாயிலைக் கணினியில் செருகிப் புதுச் சத்தத்தை வாங்கிக்கொள்ளலாம். தட்டையான தோலை மாற்ற அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. பழையதற்கு உதிரிபாகம் கிடைக்காதே என்பது வலுவான ஆட்சேபம். திரை மங்கியதை, குமிழ் வழுக்குவதை எந்த விலைக்கும் வாங்கக்கூடாது. ஆனால் புதியவற்றிலும் ஒன்று கெட்டால் போர்டையே மாற்றச் சொல்வது இப்போது சகஜம்.

கானமேளாவின் ஆக்டோபேடுக்கு இந்தப் ‘பழைய பெட்டி, புதுத் தோல்’ கணக்கு அப்படியே பொருந்தாது. அதில் மூளையும் தோலும் ஒரே பெட்டி. பரப்பு தேய்ந்தால் முழுசும் தேய்ந்தது. ரோலண்டின் எஸ்பிடி-20 ஆக்டோபேடு வந்தது 1998-இல். அதன் தபேலா, டோலக் சத்தங்களுக்கு மேடைகள் எவ்வளவு பழகிவிட்டன என்றால், பின்னாளில் எஸ்பிடி-30 போன்ற முன்னேறிய கருவிகள் வந்த பிறகும், அந்த நிறுவனமே பழைய எண்ணைத் தாங்கிய எஸ்பிடி-20 ப்ரோவை இறக்கியது. பழைய சத்தத்துக்குப் புது உடம்பு! பழையதையே வாங்குவதென்றால் ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு பேடையும் விரல் நுனியால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். பிறகு குச்சியால் ஓங்கி அடித்து, பக்கத்துப் பேடு சேர்ந்து பேசுகிறதா, ஒரு அடிக்கு இரண்டு சத்தம் வருகிறதா என்று கேட்க வேண்டும். கூடவே தருகிற அடாப்டரையும் பார்க்காமல் செருகக்கூடாது. ரோலண்டின் ஒன்பது வோல்ட் அடாப்டரில் நடுமுனை நெகடிவ்; வேறு பல கருவிகளின் அடாப்டரில் அது பாசிடிவ்.