கோட்டைக்குள் ஒரு மழைநாள்

மார்கழி மழை மட்டக்களப்புக்குப் புதியதல்ல. ஆயினும் கனடாவிலிருந்து ஆறு ஆண்டுகளின் பின் வந்திருந்த அக்காவுக்கு அது புதிதாகவே தோன்றியிருக்க வேண்டும். காலையிலேயே குடையை எடுத்துக்கொண்டு, "கோட்டைக்குப் போவமா தம்பி?" என்றார். இந்த மழையிலா என்று கேட்க வாயெடுத்த நான், அவர் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டேன்.

புளியந்தீவில் இருபுறம் வாவியும் இருபுறம் அகழியுமாக நிற்கும் இக்கோட்டையைப் பற்றி என் பத்திரிகைத் தொழிலில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் 'ஒல்லாந்தர் கோட்டை' என்றே எழுதினேன். அக்கா வாயிலில் நின்று, நனைந்த கல்லைத் தடவியபடி, "அப்பா இதைப் பறங்கிக் கோட்டை எண்டுதானே சொல்லுவார்" என்றார்.

அப்பா சொன்னதில் நியாயம் உண்டு. 1628இல் இங்கே முதலில் கோட்டை கட்டியவர்கள் போர்த்துக்கேயரே. பத்து ஆண்டுகள்தாம் அது அவர்கள் கையில் இருந்தது. 1638 மே மாதத்தில் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் சேர்ந்து அதைக் கைப்பற்றினர். இலங்கையில் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் இழந்த முதற் கோட்டை இது. சில நாட்களில் இங்கேயே உடன்படிக்கையும் கைச்சாத்தானது. கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்பது 'அரசன் விரும்பினால்' மட்டுமே என்ற சொற்கள், அவ்வுடன்படிக்கையின் பிரதிகளில் ஒன்றில் இருந்தன, மற்றதில் இல்லை. பிற்காலப் பிணக்குகள் பலவற்றுக்கு அந்த ஓரிரு சொற்களே வித்து. இன்று நாம் காண்பது பெரும்பாலும் ஒல்லாந்தர் பின்னர் எழுப்பியது.

எங்களுக்கு அது கோட்டையே அல்ல, கச்சேரி. ஆங்கிலேயர் காலத்து நிர்வாகத்தின் தொடர்ச்சியாக, மாவட்டச் செயலகம் திராய்மடுவுக்குப் பெயரும்வரை இதற்குள்ளேதான் இயங்கியது. அப்பா அங்கே எழுதுவினைஞர். 1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி அடித்தபோது எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. விடிந்ததும் வேலைக்குப் போன அப்பா இரண்டு நாட்களாக வீடு திரும்பவில்லை. மூன்றாம் நாள் அம்மா கட்டித்தந்த சோற்றுப் பார்சலுடன், ஒரு கையில் என்னையும் பிடித்துக்கொண்டு, கோட்டைமுனையிலிருந்து விழுந்துகிடந்த தென்னைகளின் மேல் ஏறி இறங்கி அக்கா இங்கே வந்தார். பார்சலை வாங்கிய அப்பா எங்களைத் திட்டித் தீர்த்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது. அவர் அழுதார் என்கிறார் அக்கா.

மழை வலுத்தது. பழைய விறாந்தையொன்றில் ஒதுங்கினோம். அப்பாவின் மேசை எந்தப் பக்கம் இருந்தது என்று இருவராலும் உறுதியாகக் கூற முடியவில்லை. சிறிது நேரம் வாவியில் மழை விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்த அக்கா, "அப்பா போன அண்டைக்கும் இப்பிடி மழையா?" என்று கேட்டார்.

1991 மாரியில் அப்பா காலமானபோது அக்காவால் வர இயலவில்லை. நான்தான் கடிதம் எழுதினேன். நித்திரையிலேயே போய்விட்டார், ஒரு வேதனையும் இல்லை என்று எழுதினேன். அப்போது எனக்கு இருபத்தொரு வயது. பின்னாளில் எத்தனையோ மரணங்களைச் செய்தியாக்கியவன், ஒரு மரணத்தை மட்டும் அறிந்தே பிழையாக எழுதினேன்.

"ஓம், மழைதான்" என்றேன். பிறகு மிச்சத்தையும் சொன்னேன். மூன்று நாள் காய்ச்சல். ஊரடங்கு. இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. கடைசி இரவு முழுவதும், "பிள்ளை வந்திட்டாளா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தது.

"நீ என்ன சொன்னனி?"

"வந்துகொண்டிருக்கிறா எண்டு சொன்னன்."

அக்கா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மழைத் தண்ணீராகவும் இருக்கலாம். வெகுநேரத்தின் பின், "அந்தக் கடிதத்தை இன்னும் வச்சிருக்கன்" என்றார். வைத்திருப்பாரா, கிழித்துவிடுவாரா என்று நான் கேட்கவில்லை.

மழை சற்று விட்டதும் வெளியே வந்தோம். பீரங்கியருகே பாசி படிந்த படியில் எனக்குக் கால் வழுக்கியது. அக்கா சட்டென்று என் கையைப் பிடித்தார். வாயிலைத் தாண்டி, தெருவுக்கு வந்து, தேநீர்க் கடை வாசலை அடையும்வரை அந்தக் கையை விடவேயில்லை.